ஒரே மேசைப் படிப்பு

பிரஸ்காரர் டீயை வாங்கி வைத்துவிட்டுத் தொடவே இல்லை. ஆடை கட்டி ஆறிப் போயிற்று. என் கடை டீயை ஆறவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அன்றைக்கு அவர் ஒரு காதில் ஃபோனை அழுத்திக்கொண்டு, வெளியே கொட்டுகிற மழைச் சத்தம் கேட்காமலிருக்க மறு காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

"சிவப்பத் தொடாத. சிவப்ப விடு. கம்ப்ரஸர்ல மூணு முனை தெரியுதா? மீட்டர வெச்சுப் பாரு. எந்த ரெண்டுக்கு நடுவுல அதிகமா காட்டுது? ம்... அந்த ரெண்டையும் விட்டுட்டா மிச்சம் ஒண்ணு நிக்குதில்ல, அதுதான் பொது முனை, காமன். ஆமா, அதேதான். யாராச்சும் வர்றாங்களா? சரி வை, வை."

ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"யாருக்கு தம்பி பாடம் எடுக்குறீங்க?" என்றேன்.

"வீட்டுக்காரிக்குத்தான்."

"அவ வேலைக்குல்ல போயிருக்கா?"

"வேலையிலேர்ந்துதான் பேசுறா. மாடிப்படிக்குக் கீழ ஒளிஞ்சிக்கிட்டு."

இவர்கள் இரண்டு பேரும் என் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறவர்கள். இவர் தலை நரைக்கிற வரைக்கும் ஒரே அச்சகத்தில் மெஷின் ஓட்டினவர். அதனால்தான் பிரஸ்காரர். அவள் ஒரு பேக்கரியில் கேக்குக்கு மேல் கிரீமால் பேர் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் எழுத்தைப் பார்த்தால் வெட்டிச் சாப்பிட மனசு வராது. அச்சகத்தை மூடினார்கள். இவர் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். அப்போதுதான் சமுதாயக் கல்லூரியில் ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக் படிப்பு இருக்கிறது, வயசு வரம்பு கிடையாது என்று யாரோ சொன்னார்கள்.

"மீசை முளைக்காத பசங்களோட போய் பெஞ்சுல உக்காரச் சொல்றியா? நான் மாட்டேன்" என்று இவர் முறுக்கிக்கொண்டார். "நீங்க தனியா போக வேணாம், நானும் வர்றேன்" என்றாள் அவள். சொன்னபடி பேக்கரி வேலையை விட்டுவிட்டுக் கூடவே போய்ச் சேர்ந்தாள். படிக்கவா போனாள்? புருஷனுக்குத் துணைக்குப் போனாள். ஜோடியாகப் பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் படியிறங்குகிற காட்சி இருக்கிறதே, தெருவே வாசலுக்கு வந்து பார்க்கும். நானும் வாய்க்கு வந்தபடி கேலி பண்ணியிருக்கிறேன்.

கடைசியில் இரண்டு பேருக்கும் சான்றிதழ் கிடைத்தது. வேலை கிடைத்தது அவளுக்கு மட்டும். பெரிய பெரிய குளிர் அறைகளைப் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் ப்ரொபேஷன், அதாவது வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். துணைக்குப் போனவள் உள்ளே போய்விட்டாள், படிக்கப் போனவர் வாசலில் நின்றார். மகள் வெளியூரில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அவள் படிப்பும் மேல்மாடி அடுப்பும் இந்த ஒரு வேலையை நம்பித்தான் இருந்தன.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் நேரே மாடிக்குப் போகவில்லை. நனைந்த குடையை என் கடை வாசலிலேயே போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"மாட்டிக்கிட்டேங்க" என்றாள் புருஷனிடம்.

"யாருகிட்ட?"

"சூப்பர்வைசர்கிட்டதான். மாடிப்படிக்குக் கீழ எட்டிப் பாத்துட்டார். 'ஃபோன்ல யார்கிட்டம்மா வயரிங் கேக்குறீங்க'ன்னார். பொய் சொல்ல வரல. 'எங்க வீட்டுக்காரர்கிட்ட சார்'னேன். 'அப்ப அவரையே வேலைக்கு எடுத்திருக்கலாமே'ன்னுட்டார்."

பிரஸ்காரர் முகத்தில் ஒரு கணம் ஒரு வெளிச்சம் வந்து போனது. நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"பல்லைக் காட்டாதீங்க. அடுத்த வாரம் ஒரு வேலை தர்றாராம். கம்ப்ரஸர் மாத்துற வேலை. கழட்டுறதுலேர்ந்து ஓட விடுற வரைக்கும் நான் ஒருத்தியேதான் செய்யணும். ஃபோன அவர்கிட்ட குடுத்துடணும். செஞ்சா வேலை நிரந்தரம். செய்யலைன்னா..."

"செய்யலைன்னா?"

"வீட்டுக்குப் போகச் சொல்வாங்க, வேற என்ன?"

எனக்கு ஒன்று புரியவில்லை. நான் படித்தவள் இல்லை, ஆனாலும் புரியாததைக் கேட்டுவிடுகிறவள். "ஏம்மா, நீயும் அவரோட அதே படிப்புதானே படிச்ச? பாஸ் பண்ணித்தானே சான்றிதழ் குடுத்தாங்க? வயரிங் தெரியாம எப்படிப் பாஸ் பண்ண?"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். திருடின பிள்ளைகள் பார்க்கிற மாதிரி.

"அது வந்துக்கா..." என்று அவள் இழுத்தாள். "செய்முறை வகுப்புல ரெண்டு ரெண்டு பேரா ஒரு மேசை. எங்கள ஒரே மேசையில போட்டாங்க. எனக்கு கரண்டுன்னா உயிர் போயிடும். பேக்கரியில மாவு பிசையிற மெஷின்ல ஒருதரம் தூக்கி அடிச்சிருச்சு. அதுலேர்ந்து வயரப் பாத்தாலே கை இழுத்துக்கும். அதான் வயரிங் பூரா இவரு பாத்துக்கிட்டாரு."

"பைப் ஒட்டுறது?"

"அத நான் செய்வேன். நெருப்பு ஊதுற டார்ச்ச கையில குடுங்க, தலைமுடி கனத்துக்கு ஒட்டித் தருவேன். கிரீம் பிழியிற கைதானே."

"இவரு?"

பிரஸ்காரர் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு நெருப்பு ஆகாதுக்கா. பிரஸ்ல மையும் மண்ணெண்ணெயும் பேப்பருமா கெடக்கும். ஒரு தீக்குச்சி கிழிச்சா வேலையே போயிடும். இத்தனை வருஷம் அந்தப் பயத்துலயே இருந்தாச்சு. டார்ச் பத்துற சத்தம் கேட்டாலே நான் பின்னால போயிடுவேன்."

"பரீட்சையில?"

"பரீட்சையும் அதே மேசைதான். மாஸ்டர் வந்து பாத்தப்ப வேலை முடிஞ்சிருக்கும். சுத்தமா முடிஞ்சிருக்கும்."

"மாஸ்டர் எங்களத்தான் எல்லாருக்கும் உதாரணமா காட்டுவாரு" என்று அவள் சேர்த்துக்கொண்டாள். அந்த நேரத்திலும் அதில் அவளுக்கு ஒரு பெருமை.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அடப் பாவிகளா! வீட்டுல நீ காய் நறுக்கு, நான் பாத்திரம் தேய்க்கிறேன்னு பிரிச்சிக்கிற மாதிரி படிப்பையும் பிரிச்சிக்கிட்டீங்களா? ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மெக்கானிக்கா?"

பிறகு அவள்தான் மெல்ல ஆரம்பித்தாள்.

"இவரு மட்டும் என்னவாம்? பெரிய பட்டறையில கூப்பிட்டாங்க இல்ல, போயிட்டு வந்து ஆள் எடுக்கலைன்னுட்டாங்கன்னு சொன்னாரே. எனக்குத் தெரியாதா? சட்டைக் கையில ஓட்டை. ஒட்டச் சொல்லியிருப்பாங்க, இவரு பைப்பையும் பொசுக்கிட்டு சட்டையையும் பொசுக்கிட்டு வந்திருப்பாரு."

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சிரிப்ப."

"நான் எதுக்குங்க சிரிக்கப் போறேன்? நான் மாடிப்படிக்குக் கீழ குந்திக்கிட்டு உங்ககிட்ட வயர் நிறம் கேக்குறவ!"

சொல்லிவிட்டு அவள் அழுதுவிட்டாள். பிரஸ்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் என் மேசையைத் துடைக்கிற துணியை எடுத்து அவளிடம் நீட்டினார். அந்தத் துணியைப் பார்த்ததும் அழுகையோடு அழுகையாக அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

என் கடைக்குப் பின்னால், தகரம் போட்ட இடத்தில், எப்போதோ செத்துப்போன ஃபிரிட்ஜ் ஒன்று கிடக்கிறது. அதற்குள்தான் வெங்காயம் போட்டு வைத்திருந்தேன். மறுநாள் சாயங்காலம் வெங்காயத்தைக் கூடையில் கொட்டிவிட்டு, "இந்தாங்க, உங்க கல்லூரி" என்று காட்டினேன். "ஆனா ஒண்ணு. இது என் இடம். என் சொல்லுதான். கரண்டு வேலை அவ செய்வா, நெருப்பு வேலை நீங்க செய்வீங்க. மாத்திக்கிட்டீங்கன்னு பாத்தேன், ரெண்டு பேரையும் வெங்காயத்தோட சேத்து வெளிய வெச்சிடுவேன்."

முதல் நாள் அவள் மீட்டரைப் பிடித்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். பாம்பைப் பிடிக்கிற மாதிரி நுனி விரலில் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஃபிரிட்ஜுக்கு மின்சாரமே கொடுக்கவில்லை, பிளக் என் கையில் இருக்கிறது. அப்படியும்.

"பாத்து வை. பாக்காம வெச்சா எப்படித் தெரியும்?" என்றார் இவர்.

"பாத்தா பயமா இருக்கு."

"பிளக் அக்கா கையில இருக்குடி!"

"அக்கா சொருகிட்டாங்கன்னா?"

"நான் எதுக்கும்மா சொருகப் போறேன்? கொலைக் கேஸ்ல உள்ள போகவா?" என்றேன்.

அவள் தடவித் தடவி முனையைத் தேடுவதற்குள் இவருக்குப் பொறுமை போய்விடும். "குடு இங்க" என்று மீட்டரைப் பிடுங்கக் கை நீளும். நான் கரண்டியால் அந்தக் கையில் ஒன்று வைப்பேன். கடைசியில் அவரைக் கவிழ்த்த வாளியின் மேல் உட்காரவைத்து, கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கை கட்டுண்டதும் மனுஷனுக்கு வாய் திறந்துகொண்டது. அது நல்லதாகப் போயிற்று. கையால் காட்டிக் காட்டியே பழகினவர், முதல் தடவையாக வாயால் விளக்க வேண்டி வந்தது.

"அங்க போனா கம்ப்ரஸர் சத்தத்தக் கேளு. என் பழைய மெஷினும் இப்படித்தான், சொல்லிடும். 'டக்'னு ஒரு சத்தம் வந்து ஓட ஆரம்பிச்சா நல்லா இருக்கு. ம்ம்ம்னு முனகிட்டு நின்னா ஓட முடியலன்னு அர்த்தம். காமன் போக மிச்ச ரெண்டு முனை, ஸ்டார்ட்டும் ரன்னும், அத மாத்தி மாட்டியிருந்தாலும் முனகும். முனகினா பிடிச்சு வெச்சிக்கிட்டு நிக்காத, உடனே அணை."

"அணைச்சிட்டு?"

"அணைச்சிட்டு யோசி. அப்புறம் தொடு."

அவர் முறை வந்தபோது கதை தலைகீழ். அவள் டார்ச்சைப் பற்றவைத்து நீட்டுவாள், இவர் வாங்கின உடனே கையை முழ நீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பார். நெருப்பு ஒரு பக்கம் போகும், இவர் உடம்பு மறுபக்கம் போகும். குழாய் ஒரு பக்கம் கறுத்துப்போகும், ஒட்டுகிற கம்பி சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும்.

"கம்பிய நெருப்புல காட்டாதீங்க. குழாய சுட வைங்க, கம்பிய குழாய்ல வைங்க. குழாயோட சூட்டுல அது தானா உருகி ஓடணும்."

"ஓட மாட்டேங்குதே!"

"நீங்க பக்கத்துல போனாத்தானே ஓடும். தெருவுல நின்னு தோசை திருப்புற மாதிரி நின்னா?"

ஃபிரிட்ஜின் பின்பக்கம் அறுத்து அறுத்து ஒட்டினதில் முடிச்சு முடிச்சாகிவிட்டது. அவள் நாளுக்கு நாள் தேறினாள். இவர் தேறவில்லை. ஒருநாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, "எனக்கு வராது, விடு. உனக்கு வந்தா போதும்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அவள் கூப்பிடவில்லை. டார்ச்சை அணைத்து, துடைத்து, பெட்டியில் வைத்தாள்.

"கோவமா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. பாவமா இருக்கு. அவருக்குத் துணைக்குன்னு போனேன். போய் அவரு கத்துக்க வேண்டியத நானே செஞ்சு செஞ்சு குடுத்து, அவர இப்படி நிக்க வெச்சிட்டேன். அவரும் எனக்கு அதத்தான் செஞ்சாரு. பாசம்னு நெனச்சிக்கிட்டு."

கூடையை இழுத்துப் போட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன்.

அந்த நாள் வந்தது. காலையில் அவள் நீல யூனிஃபார்ம் போட்டு, கருவிப் பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பிரஸ்காரர் தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்து என் கடையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வது தப்பு. எழுந்தார், நின்றார், செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தார், என் கடை மின்விசிறியைப் பார்த்து "இதுல பேரிங் போயிடுச்சு" என்றார். சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்ப்பார். அது அடிக்காது என்று அவருக்கே தெரியும். அவள் ஃபோன்தான் சூப்பர்வைசர் கையில் இருக்கிறதே.

மத்தியானத்துக்கு மேல் ஃபோன் அடித்தது. மனுஷன் டீ கிளாஸைத் தட்டிவிட்டுக்கொண்டு எடுத்தார். பார்த்தால் கல்லூரியிலிருந்து ஒரு பெண். படித்து முடித்துப் போனவர்கள் எல்லாரும் என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்களாம். குரல் எனக்கே கேட்டது. படிச்ச படிப்புக்குத் தகுந்த வேலையில இருக்கீங்களா சார் என்கிறாள்.

"அம்மாடி, நல்ல நேரம் பாத்துக் கேட்ட போ" என்றார் பிரஸ்காரர். "எங்க வீட்டுல ரெண்டு பேரு. ஒருத்தங்க பதில் சாயங்காலம்தான் தெரியும்."

"அப்ப உங்க பதில் சார்?"

"எனக்கு..." என்றார். ஈரமான மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்தார். "எனக்கு இல்லைன்னு போட்டுக்கம்மா." ஃபோனை வைத்துவிட்டு, தான் கொட்டின டீயைத் தானே துடைத்தார்.

வெயில் இறங்குகிற நேரத்துக்கு அவள் வந்தாள். தெருமுனையில் அவள் தலையைப் பார்த்ததுமே இவர் எழுந்து நின்றுவிட்டார். அவள் வேகமாகவும் வரவில்லை, மெதுவாகவும் வரவில்லை. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கடைக்குள் வந்து, பையை இறக்கி, "அக்கா, தண்ணி" என்றாள். சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடிக்கும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சொல்லித் தொலையேன்டி!" என்று நான்தான் கத்தினேன்.

"நிரந்தரம் பண்ணிட்டாங்க" என்றாள்.

அப்பாடா! பிரஸ்காரர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். சரிந்தவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறாரா, அழுகிறாரா? அவருக்கே தெரிந்திருக்காது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமென்ன, சொல்கிறேன், வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பால் முழுக்க ஊற்றி, சர்க்கரை அள்ளிப் போட்டு மூன்று டீ போட்டேன்.

"பால் டிப்போவுல குளிர் அறை" என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். "ஒட்டுறதெல்லாம் மளமளன்னு முடிச்சிட்டேன். வயருன்னு வந்ததும் மெயின் சுவிட்ச இறக்கினேன். டெஸ்டர வெச்சுப் பாத்தேன். மறுபடி பாத்தேன். 'எத்தன தரம்மா பாப்பீங்க'ன்னார். 'பயம் போற வரைக்கும் சார்'னேன். சரி பாருங்கன்னு ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு."

"அப்புறம்?"

"எல்லாம் மாட்டிட்டு சுவிட்ச போட்டேன். ம்ம்ம்னு முனகுதுங்க! எனக்கு உயிரே இல்ல. நீங்க சொன்னதுதான். உடனே அணைச்சிட்டேன். அணைச்சிட்டு நின்னேன். சூப்பர்வைசர் வாயே திறக்கல. ஸ்டார்ட்டும் ரன்னும் மாத்தி மாட்டியிருக்கேன். மறுபடி மெயின இறக்கி, மீட்டர வெச்சு, மாத்தி மாட்டினேன். போட்டேன். 'டக்'குன்னு ஒரு சத்தம் பாருங்க..."

"ஓடிச்சா?"

"ஓடிச்சுங்க!"

"அதான், அதான்!" என்று அவர் மேசையைத் தட்டின தட்டில் டீ மறுபடியும் கொட்டிற்று. இந்தத் தடவை நான் திட்டவில்லை.

டீ குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் அதைச் சொன்னாள். கிளாஸைச் சுற்றிச் சுற்றி உருட்டிக்கொண்டு சொன்னாள்.

"நான் கிளம்பும்போது சூப்பர்வைசர் கேட்டாரு. என்கூட சேர்ந்து வேலை பாக்க ஒரு ஆள் வேணுமாம். 'உங்க வீட்டுக்காரருக்குத்தான் வயரிங் நல்லா வருமே, அவரையே கூட்டிட்டு வர்றீங்களா'ன்னாரு."

பிரஸ்காரர் நிமிர்ந்தார். முகத்தில் அன்றைக்குப் பார்த்த அதே வெளிச்சம். இந்தத் தடவை அது போகவில்லை, பரவியது. "நீ என்ன சொன்ன?"

"வேணாம்னுட்டேன்."

எனக்கே திக்கென்றது. பிரஸ்காரர் காதெல்லாம் சிவந்துபோனது.

"நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயம் வந்துடும்" என்றாள். "பயம் வந்தா வயர உங்க கையில குடுத்துடுவேன். நீங்களும் வாங்கிக்குவீங்க. டார்ச்ச என்கிட்ட குடுத்துடுவீங்க, நானும் வாங்கிக்குவேன். மறுபடி அந்த ஒரே மேசைதான். நாளைக்கு ஒருத்தருக்கு ஒடம்பு சரியில்லைன்னா இன்னொருத்தர் வெறும் ஆளு. என் கூட வர வேணாங்க. அந்தப் பட்டறைக்குத் தனியா போங்க. எனக்கு வந்துச்சுல்ல? உங்களுக்கும் வரும்."

பட்டறை என்றதும் அவர் கை தானாகச் சட்டைக் கையின் ஓட்டைக்குப் போனது. எழுந்தார். கோபித்துக்கொண்டு மாடிக்குத்தான் போகப்போகிறார் என்று நினைத்தேன். படிப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே பின்பக்கம் போனார். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

நாங்கள் பின்னாலேயே போய் வாசல்படியில் நின்றோம். அவர் டார்ச்சைத் தானே பற்றவைத்தார். அந்த 'உஸ்' சத்தத்துக்கு உடம்பு ஒருதரம் தூக்கிப் போட்டது. ஆனால் கால் நகரவில்லை. குனிந்தார். பக்கத்தில் போனார். இன்னும் பக்கத்தில் போனார். அவளுக்கு வலது கை தன்னாலே முன்னே போனது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டாள். அதுவும் போதாமல் என் தோளில் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். நெருப்பு குழாயைச் சுற்றி வந்தது. குழாய் மங்கலாகச் சிவந்தது. அவர் கம்பியை எடுத்துக் குழாயில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்பி சொட்டவில்லை. உருகி, இணைப்பைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓடிற்று.

"ஓடிச்சும்மா" என்றேன் அவள் காதில்.

அவள் அப்போதும் பார்க்கவில்லை. "சோப்புத் தண்ணி போட்டு, கசியுதான்னு பாக்கச் சொல்லுங்கக்கா" என்றாள்.

ஆறவிட்டு, காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீரைத் தடவினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழி இல்லை. அவர் நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, குழாய் அறுக்கிற கட்டரைக் கையில் எடுத்தார்.

"நீ மேல போய் சாப்பிடு" என்றார். "நான் இன்னொண்ணு போட்டுப் பாத்துட்டு வர்றேன்."